தோட்டத்தைச் சுற்றி ஒரு வீடு: டர்பன் மனைக்கான வழிமுறை

வீட்டுக்கு நடுவே தோட்டம் வேண்டும் என்று என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு செட்டிநாட்டு வீட்டைக் காட்டுகிறார்கள். நான்கு பக்கமும் தூண்கள், நடுவில் வானம், உள்நோக்கிச் சரியும் ஓட்டுக் கூரை. அழகுதான். ஆனால் காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகையில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருக்கிறது. அங்கே வெயிலைத் தணிப்பது முற்றத்தின் வேலை. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் வெயிலை வீட்டுக்குள் அழைத்து வருவதும் அதன் வேலையாகிறது. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலும் வெருலத்திலும் நம் குடும்பங்களுக்கு வீட்டு வரைபடம் போட்டே தலை நரைத்தவள் நான். எத்தனை அறை என்று கேட்பதற்கு முன், மனையில் வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்பேன்.

இங்கே நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். டிசம்பர் கடைசியில் அதன் உயரம் 83 பாகைக்கு மேல், கிட்டத்தட்ட உச்சி. ஜூன் 21 வாக்கில் 37 பாகைக்கும் சற்றுக் குறைவு. இதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். ஜூன் மாதம் பகல் 12 மணிக்கு மனையில் ஒரு மீட்டர் கோலை நேராக நட்டால் நிழல் தெற்கே 1.34 மீட்டர் விழும். டிசம்பரில் அதே கோலின் நிழல் ஒரு சாண்கூட வராது. கோடை விடுமுறையில் மனை பார்த்துவிட்டு, "எங்கும் நல்ல வெளிச்சம்" என்று சொல்பவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கு.

இதிலிருந்து முதல் விதி வருகிறது: வடக்குக் கட்டு, அதாவது தோட்டத்துக்கு வடக்கே உள்ள வீட்டுப் பகுதி, தாழ்ந்திருக்க வேண்டும், தெற்குக் கட்டு உயரலாம். 3 மீட்டர் உயரமுள்ள வடக்குக் கட்டின் குளிர்கால நண்பகல் நிழல் 4 மீட்டர். தோட்டம் வடக்குத் தெற்காக 6 மீட்டர் இருந்தால் 2 மீட்டர் மண்ணுக்கு வெயில் கிடைக்கும். தெற்கே உள்ள கூடத்தின் கண்ணாடிக் கதவு வழியாக 2.8 மீட்டர் வரை தரையில் வெயில் படியும். வடக்குக் கட்டை மாடியாக்கி 6 மீட்டருக்கு உயர்த்தினால் நிழல் 8 மீட்டர். தோட்டம் முழுவதும் இருண்டு, கூடத்துச் சுவரிலும் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நிழல் ஏறிவிடும்.

வெருலத்தில் மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் ஒரு குடும்பத்துக்கு வரைந்தபோது, தெரு வடக்கே இருந்தது. மூத்த மகன், "மாடி தெருவைப் பார்த்து இருந்தால்தானே எடுப்பாக இருக்கும், அக்கா" என்றார். நான் விவாதிக்கவில்லை. மனையில் ஏற்கெனவே முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தோம். மாடிச் சுவர் வரும் கயிற்றில் அளவு நாடாவின் முனையைப் பிடிக்கச் சொல்லி, மறு முனையோடு தெற்கே 8 மீட்டர் நடந்தேன். நான் போய் நின்ற இடம் கூடத்துக்குள், ஆயாவின் நாற்காலிக்கு என்று அவரே குறித்திருந்த மூலை. அவர் நாடாவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு மாடியைத் தெற்கே தள்ளச் சொன்னார். ஜூலை இரவில் இங்கே 10, 11 டிகிரிக்கு இறங்குகிறது, நம் வீடுகளில் கணப்பு கிடையாது. வயதானவர்களுக்குக் காலை வெயில் அலங்காரம் அல்ல.

வாஸ்து பார்ப்பவர்கள் இங்கே முகம் மலர்வார்கள். வடக்கும் கிழக்கும் தாழ்ந்தும் திறந்தும் இருக்கட்டும், தென்மேற்கு உயர்ந்தும் கனத்தும் இருக்கட்டும், நடுவில் பிரம்மஸ்தானத்தில் பாரம் ஏற்றாதே என்கிறது வாஸ்து. என் வெயில் கணக்கும் அதையேதான் சொல்கிறது. தமிழ்நாட்டைவிட டர்பனுக்கே இது நன்றாகப் பொருந்துகிறது என்பேன். மேற்கில் குளியலறை, சாமான் அறை, வண்டி நிறுத்துமிடம் என்று வைத்தால் பிப்ரவரி மாலை வெயிலின் சூட்டை அவை வாங்கிக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை: தெற்கு அறைகளுக்கு வெளிப்புற ஜன்னல் மட்டும் வைத்து, தோட்டத்தின் பக்கம் சுவரால் மூடிவிடாதீர்கள். இரண்டாவது மழைக்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இனிச் செலவு. 150 சதுர மீட்டர் வீட்டைச் சதுரமாகக் கட்டினால் வெளிச்சுவர் சுமார் 49 மீட்டர். அதே பரப்பை 6க்கு 5 மீட்டர் தோட்டத்தைச் சுற்றிக் கட்டினால், உள்முகச் சுவரையும் சேர்த்து 75 மீட்டரைத் தாண்டும். சுவர், அடித்தளம், பூச்சு, ஜன்னல் எல்லாம் பாதிக்குப் பாதி கூடுகின்றன. கையிருப்பு இடம் கொடுக்கவில்லை என்றால் மூன்று பக்கம் மட்டும் வீடு கட்டி, நான்காவது பக்கத்தை மனையின் சுற்றுச்சுவரே மூடட்டும். அந்தப் பக்கம் வடக்காக அமைந்தால் அதிர்ஷ்டம்தான். 2 மீட்டர் சுவரின் நிழல் 2.7 மீட்டரோடு நின்றுவிடும்.

மழையைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். டர்பனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது, பெரும்பகுதி கோடையில். செட்டிநாட்டு முறைப்படி நான்கு கூரைகளும் உள்ளே சரிந்தால் அத்தனையும் உங்கள் தோட்டத்தில் இறங்கும். தோட்டம் 30, கூரையில் உள்ளே சரியும் பகுதி 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிமீட்டர் பெய்தால் 9,000 லிட்டர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் சில பகுதிகளில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது 27,000 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி ஒன்று வைத்திருக்கிறோம் என்ற தைரியம் எத்தனை நேரம் தாங்கும்?

ஆகவே மூன்று கூரைகளை வெளிப்பக்கம் சரியுங்கள். ஒன்றை மட்டும் உள்ளே சரித்து, பீலி வழியாகத் தொட்டிக்கு விடுங்கள். தோட்டத்து மண் மட்டம் அறைத் தரையைவிட 200 மில்லிமீட்டராவது தாழ்ந்திருக்கட்டும். தண்ணீர் வெளியேற 110 மில்லிமீட்டர் குழாய்கள் இரண்டு, வெவ்வேறு மூலைகளில். ஒன்றில் இலை அடைத்தாலும் மற்றது வேலை செய்யும். இரண்டும் அடைத்துக்கொண்டால்? வாசலிலிருந்து தோட்டத்துக்கு வரும் நடையின் தரையை அறைகளைவிட 100 மில்லிமீட்டர் தாழ்த்தி, மனையின் சரிவு பார்த்து வெளிப்பக்கம் சற்றே சாய்த்துவிடுங்கள். பெருமழையில் தண்ணீர் அந்த வழியே போய்விடும், மெத்தை நனையாது. ஓடு பதிக்கும் முன் குழாயைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் எப்படிப் போகிறது என்று நின்று பாருங்கள். கொத்தனார் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்ப்பது சட்டப்படி குற்றம். சேர்த்தால் பெருமழை நாளில் கழிவு மேலே பொங்கும். உறிஞ்சுகுழியை அடித்தளத்தை ஒட்டித் தோண்டாதீர்கள். நம் பக்கத்தில் பெரியா (Berea) என்று சொல்லப்படும் செம்மணல் தண்ணீரைச் சட்டென்று குடிக்கும், ஆனால் சரிவான மனையில் அப்படியே கரைந்தும் போகும்.

காற்று இங்கே கரையோரமாக வடகிழக்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் மாறி மாறி வீசுகிறது. அந்த இரு மூலைகளிலும் திறப்பு வையுங்கள். தென்மேற்குத் திறப்புக்குக் கதவு அவசியம், குளிரும் சாரலும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். முன்பு சொன்ன வெருலம் வீட்டு ஆயாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: "காற்று வரட்டும், சாமி விளக்கு மட்டும் அணையக் கூடாதம்மா." காமாட்சி விளக்குக்குக் கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு முழ ஆழத்தில் மாடம் வைத்துத் தீர்த்தோம்.

தோட்டத்தில் ஒரு மரம் போதும், அதுவும் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் மரம். என் தேர்வு ஈழத்தலரி. ஜூனில் மொட்டையாக நின்று வெயிலை விடும், கோடையில் குடை பிடிக்கும், வேரும் சுவரை உடைக்காது. மாவும் அவகாடோவும் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். அம்மன் பூஜைக்கு வேப்பிலைக்குப் பதிலாக இங்கே பலரும் பயன்படுத்தும் சிரிங்கா, அதாவது மலைவேம்பு, அரசின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது, புதிதாக நடாதீர்கள். வடக்குக் கட்டின் அடியில் குளிர்கால நிழல் விழும் அந்த 4 மீட்டரில், கோடையில் மரத்தின் குடைக்குக் கீழே வரும் இடத்துக்கு இந்த மண்ணின் கிளிவியாவைப் போல் பொருத்தமான செடி வேறில்லை. கறிவேப்பிலையும் துளசியும் வெயில் பட்டையில் இருக்கட்டும். நலங்கு வைக்கும் குடும்பம் என்றால் செடிகளை ஓரங்களுக்குத் தள்ளி, நடுவில் 3க்கு 3 மீட்டர் கல்தளம் விடுங்கள். வாடகைக் கூடாரம் மிச்சம்.

வாழை வேண்டாம் என்கிறேன். காரணம் குரங்கு. வெர்வெட் குரங்குகள் கூரை மேல் கூட்டமாக வந்து இறங்கினால், நடுத்தோட்டம் அவற்றுக்குச் சமையலறையின் வாசல். அந்தப் பக்க ஜன்னல்களுக்கு வலை போடுங்கள். திருடனுக்கும் அதே கூரைதான் வழி. தெருப்பக்கத்துக் கிராதியை நம்பித் தோட்டத்துக் கதவுகளைச் சாதாரணப் பூட்டோடு விடாதீர்கள்.

வரைபடத்தை மாநகராட்சியில் கொடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். கண்ணாடிப் பரப்பு தரைப்பரப்பில் 15 சதவீதத்தைத் தாண்டினால், எரிசக்தி விதிப்படி தனிக் கணக்குக் காட்ட வேண்டும். நடுத்தோட்ட வீடு இதை எளிதில் தாண்டும். தெற்குக் கூடத்தின் வடக்குமுகக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, மேற்கு நோக்கிய கண்ணாடியை முதலில் குறையுங்கள். கூடத்தின் மேல் 600 மில்லிமீட்டர் இறவாரம் நீட்டினால் டிசம்பர் நண்பகல் வெயில் கண்ணாடியைத் தொடாது, ஜூன் வெயில் தடையின்றி உள்ளே வரும். அந்தக் குறுக்குவெட்டுப் படத்தில் இரண்டு மாதத்துச் சூரியக் கோட்டையும் போட்டே கொடுங்கள்.