ஏலம் எடுத்துவிட்டுப் பணம் தராமல் இழுத்தடிப்பவர்களுக்கு நான் செய்வது

ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்கள் விற்கிறேன். கடைசி நொடி வரை மல்லுக்கட்டி விலையை ஏற்றிவிட்டு, ஜெயித்ததும் ஆளே காணாமல் போகிறவர்கள்தான் பெரிய தலைவலி. இப்போதெல்லாம் மரியாதையாக ஒரே ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான், சிலர் நிஜமாகவே மறந்திருப்பார்கள். பணம் கட்ட 4 நாள் அவகாசம் உண்டு. அது முடிந்ததும் 'வாங்கியவர் பணம் செலுத்தவில்லை' என்ற காரணத்தையே போட்டு ஆர்டரை ரத்து செய்கிறேன். "நான் கேட்டதா போட்டு ரத்து பண்ணிடுங்களேன்" என்று நைசாகக் கேட்பவர்களும் உண்டு. மசியாதீர்கள். வாங்குபவருக்கு நாம் நெகட்டிவ் ஃபீட்பேக் போடவே முடியாது, பணம் கட்டவில்லை என்று அவர் கணக்கில் விழும் பதிவு ஒன்றுதான் அடுத்த விற்பனையாளரைக் காப்பாற்றும்.

அப்புறம், அன்றைக்கே ஏலத்தில் அடுத்த இடத்தில் இருந்தவருக்கு செகண்ட் சான்ஸ் ஆஃபர் (அவர் கேட்ட விலைக்கே பொருளை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு) அனுப்பிவிடுவேன், தாமதித்தால் அவர் வேறு எங்காவது வாங்கிவிடுவார். ஏற்கெனவே இப்படி ஏமாற்றிய பதிவுள்ளவர்கள் ஏலம் கேட்க முடியாதபடி செட்டிங்கிலேயே தடுக்கலாம், அதையும் போட்டு வைத்திருக்கிறேன். விலை அதிகமான லென்ஸ் என்றால் ஏலமே கிடையாது. நிலையான விலை, உடனடிப் பணம். கட்டினால்தான் பொருள் அவருடையது.