கால்பந்தில் பெண் கோல்கீப்பர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சேலத்து மைதானத்திலிருந்து சில குறிப்புகள்

ஏப்ரல் மாதம் சேலத்துப் பள்ளி மைதானம் எதிலாவது ஒருமுறை பக்கவாட்டில் பாய்ந்து விழுந்து பாருங்கள். புல் இருக்காது. செம்மண் வெயிலில் வெந்து சிமெண்ட் தரைபோல இறுகிக் கிடக்கும். இடுப்பில் தோல் உரிந்த இடத்தில் மறுநாள் காலை பாவாடை ஒட்டிக்கொள்ளும். நல்ல கைகள் உள்ள எத்தனையோ பெண்கள் அந்த ஒரு வாரத்திலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். பந்தைக் கண்டு அவர்கள் பயப்படவில்லை, தரையைக் கண்டுதான் பயந்தார்கள். விழக் கற்றுக்கொடுக்காமல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியது நாம் செய்த தவறு.

ஆட்டம் போகட்டும், முதல் இரண்டு வாரம் விழுவதை மட்டும் பழகுங்கள். நீளம் தாண்டும் மணல் குழி பல பள்ளிகளில் இருக்கிறது. கல் பொறுக்கிவிட்டு அதில் தொடங்கலாம். முதலில் உட்கார்ந்தபடி, பிறகு மண்டியிட்டு, பிறகு குந்தியிருந்து, கடைசியாக நின்று. கெண்டைக்காலின் பக்கம், தொடை, இடுப்பு, தோள் என்று உடம்பு வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். முழங்கையை ஊன்றினால் தோள்பட்டை போய்விடும், வயிற்றில் விழுந்தால் மூச்சு அடைக்கும். பந்தைப் பிடித்த கைகள் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும்.

அடுத்த தவறு, ஆளைத் தேர்ந்தெடுப்பதில். ஓட முடியாதவளையும் கடைசியாக வந்தவளையும் கோலில் நிறுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஜெர்மனியின் நாடின் ஆங்கெரர் சிறு வயதில் முன்கள ஆட்டக்காரர். 2007 உலகக் கோப்பையில் ஒரு கோல்கூட விடாமல், இறுதிப் போட்டியில் பிரேசில் நட்சத்திரம் மார்த்தாவின் பெனால்டியையும் தடுத்து, 2013-ல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்றார். பதினான்கு வயதுவரை எல்லா இடத்திலும் ஆடவிடுங்கள். சக ஆட்டக்காரர் காலால் வேண்டுமென்றே தட்டித் தரும் பந்தைக் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992-லேயே வந்துவிட்டது. கால் பழகாத கோல்கீப்பரைப் பெரிய அணிகள் சீந்துவதில்லை. விதிகள் மாறுவதையும் கவனியுங்கள்: 2025 முதல் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், அதாவது மைதான மூலையிலிருந்து அடிக்கும் வாய்ப்பு.

ஏற்காட்டிலிருந்து இறங்கிவரும் பெண்களுக்கென்று தனியாக ஒன்று. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. உயரப் பந்து வேகம் அதிகம் குறையாமல் கூடுதல் தூரம் போகும். அதைப் பார்த்துப் பழகியவள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சேலத்துக்கு வந்து ஆடும்போது, பந்து நீளமாக வரும் என்று நினைத்துப் பின்வாங்குவாள். பந்து அவளுக்கு முன்னால் விழும். நிற்கும் இடம் சரியில்லை என்று அவளைத் திட்டுவார்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து முப்பது உயரப் பந்தாவது பிடித்துப் பார்த்தால் கண் சரியாகிவிடும். மலைக்கு ஏறிப்போய் ஆடும் சேலத்துப் பெண்களுக்கும் இதே வேலை உண்டு.

கையுறையைப் பற்றி நிறைய சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அது பெரிய செலவு. உள்ளங்கையில் இருப்பது லேட்டக்ஸ் என்ற மென்மையான ரப்பர். ஆடும் முன் தண்ணீரில் லேசாக நனைத்துக்கொண்டால் பிடிப்பு கூடும். காய்ந்த லேட்டக்ஸ் இரண்டே பாய்ச்சலில் உதிரும். ஆட்டம் முடிந்ததும் சோப்புத்தூளில் ஊறப்போட்டு மொட்டைமாடி வெயிலில் காயவைக்கிறார்கள். அம்மாக்கள் அக்கறையோடு செய்வதுதான், ஆனால் லேட்டக்ஸ் வெடித்துப் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையாலேயே அலசி, பிழியாமல் அழுத்தி, நிழலில் தொங்கவிடுங்கள். பயிற்சிக்குப் பழைய ஜோடி, ஆட்டத்துக்குப் புது ஜோடி. எழுந்திருக்கும்போது உள்ளங்கையை மண்ணில் ஊன்றாமல் மடக்கிய கைமுஷ்டியை ஊன்றுவது ஒரு சின்னப் பழக்கம். கையுறை கூடுதல் நாள் உழைக்கும்.

இனி உடம்பு. என் வலது கைச் சுண்டுவிரல் நுனி இன்றும் நிமிராது. பதினேழு வயதில் பந்து பட்டு விரல் நுனி மடங்கித் தொங்கியது. நானே இழுத்துவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் பாதியையும் ஆடி முடித்தேன். எக்ஸ்ரே எடுக்கவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. உடனே மருத்துவரிடம் போய்ச் சில வாரம் மட்டை கட்டியிருந்தால் சரியாகியிருக்கும்.

விரலாவது பரவாயில்லை. தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, இதில் பேச்சுக்கே இடமில்லை. 1999 உலகக் கோப்பை இறுதியில் சீனாவின் பெனால்டியைத் தடுத்து அமெரிக்காவை வெல்லவைத்த பிரயானா ஸ்கரி, 2010-ல் எதிராளியின் முழங்கால் தலையில் மோதியதோடு ஆட்டத்தைவிட்டு விலகினார். தலைவலி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பணமில்லாமல் தன் ஒலிம்பிக் பதக்கங்களை அடகு வைக்கும் நிலைக்குப் போனார். தலை சுற்றுகிறது என்று ஒரு பெண் சொன்னால் கோச்சும் பெற்றோரும் அவளை நம்புங்கள். முழங்கால் காயத்தைத் தவிர்க்க ஃபிஃபாவே வகுத்துத் தந்த வார்ம்அப் பயிற்சி இருக்கிறது; இருபது நிமிடம், செலவில்லை.

பெஞ்சில் உட்காருவதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு விலகுவதுதான் என்னை அதிகம் வருத்தும் தவறு. அணியில் கோல்கீப்பர் மூன்று பேர், ஆடுவது ஒருத்தி. 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் நம் தமிழ்நாட்டின் சௌமியா நாராயணசாமியும் இருந்தார். கொரோனாவால் அந்த அணி ஒரே ஆட்டத்தோடு விலக நேர்ந்தது, கம்பங்களுக்கு நடுவே நின்றது அதிதி சௌகான். இங்கிலாந்தின் மேரி எர்ப்ஸ் தேசிய அணியில் இடமின்றி ஆட்டத்தையே விட்டுவிட யோசித்தவர். 2021-ல் புதிய கோச் வந்தபின் அழைக்கப்பட்டார். 2022, 2023 இரண்டு ஆண்டும் உலகின் சிறந்த பெண் கோல்கீப்பர் அவர்தான். ஜெர்மனியின் ஆன்-கத்ரின் பெர்கர் தைராய்டு புற்றுநோயை இரண்டு முறை கடந்துவந்து, 34 வயதில், 2025 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் பெனால்டி ஷூட் அவுட்டில் இரண்டைத் தடுத்து, ஒன்றைத் தானே அடித்தார். இருபது வயதில் இடம் கிடைக்கவில்லை என்று கையுறையைக் கழற்றுபவளுக்கு இன்னும் பதினைந்து ஆண்டு ஆட்டம் மிச்சமிருக்கிறது.

அந்தப் பதினைந்து ஆண்டும் சாப்பிட வேண்டும், அதற்குப் படிப்பும் காகிதங்களும் வேண்டும். படிப்பை நிறுத்தாதீர்கள். இங்கிலாந்தில் வெஸ்ட் ஹாம் அணிக்கு ஆடியபோது அதிதி சௌகான் அங்கே பல்கலைக்கழக மாணவியும்கூட. ரயில்வே, போலீஸ் வேலைகளும், தமிழக அரசின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடும் நம் பெண்களுக்கு உண்மையான வாசல்கள். அங்கே கேட்பது அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் சான்றிதழை. யாரோ நடத்திய கோப்பையின் பளபளப்பான ஷீல்டு செல்லாது. வயதைக் குறைத்துக் காட்டச் சொல்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள், எலும்பு வயதுச் சோதனையில் அகப்பட்டால் பழி அந்தச் சிறுமிக்குத்தான். கிளப் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இந்த மே விடுமுறையிலேயே பார்த்துவிடுங்கள். மாநில அணித் தேர்வுக்கு முந்தைய நாள் அதைத் திருத்த முடியாது.