மனோராவும் வாட்டர்லூவும்: அடிக்கடி செய்யும் பிழைகள்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, சரபேந்திரராஜன்பட்டினம் கடற்கரையில் நிற்கும் மனோரா கோபுரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது 'வாட்டர்லூ' என்ற இடத்தில்தான். "வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கல்வெட்டில் உள்ள ஆண்டோ 1814. வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் 18.

அப்படியானால் எந்த வெற்றி? 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்குப் போனார். ஆங்கிலேயரின் படை வெற்றிகளுக்கும் போனபார்ட்டின் வீழ்ச்சிக்கும் நினைவாக என்றுதான் கல்வெட்டு சொல்கிறது. போர்க்களம் எதன் பெயரும் அதில் இல்லை. அடுத்த ஆண்டே அவர் எல்பாவிலிருந்து தப்பிவந்து மறுபடி பாரிஸில் ஆட்சியில் அமர்ந்தார். தஞ்சை மன்னர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் போலும்! கட்டிய காலத்தை 1814-15 என்று சேர்த்துப் போடும் வழக்கமும் குழப்பத்தை வளர்த்திருக்கிறது.

இதைச் சரபோஜியின் சொந்தப் படை வென்ற வெற்றியாக நினைப்பது இன்னொரு பிழை. 1799 ஒப்பந்தத்திலேயே நாட்டின் நிர்வாகம் கும்பினியார் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார்) கைக்குப் போய்விட்டது. தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்சம் இடமும்தான் மன்னருக்கு மிச்சம். அதிகாரம் இழந்தவர், அதைப் பெற்றவர்களின் சிநேகிதராகத் தம்மைக் கல்லில் பொறித்துக்கொள்கிறார். அந்த வரியை வாசிக்காமல் கோபுரத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதி பார்த்த கணக்கு.

'மனோரா கோட்டை' என்ற பேச்சுவழக்கில் தவறில்லை. சுற்றுமதிலும் அகழியும் உண்டு. ஆனால் தமிழ்க் கல்வெட்டு இதை 'உப்பரிகை' என்கிறது: ஏறி நின்று பார்க்கும் மேல்மாடம். பெயரும் 'மினார்' (உயர்ந்த கோபுரம்) என்பதிலிருந்து மருவியதே, 'மனோகர'த்தில் வேர் தேட வேண்டாம்.

வடிவத்தில் நேரும் பிழை சின்னது. எட்டு நிலை என்று கேட்டதும் எண்கோணம் என்று எழுதிவிடுகிறார்கள். நிலைகள் எட்டு, பக்கங்கள் ஆறு. மேலே போகப் போகக் குறுகும் கோபுரம், வளைவுச் சன்னல்கள், நிலைக்கு நிலை நீட்டிய விளிம்பு. அதனால் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் பக்கங்களை எண்ண முடியாது. அடியில் நின்று ஒரு சுற்று வந்தால் ஆறோடு முடிந்துவிடும்.