பாதி வீட்டில், பாதி பள்ளியில்: இறங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்துவிட்டால் பெருந்துறைப் பக்கம் காலை ஏழரைக்கே பள்ளி வேன்கள் வரிசை கட்டிவிடும். எங்கள் மகள் எதிலும் ஏறுவதில்லை. வாரத்தில் மூன்று நாள், காலையில் மட்டும், ஒரு தனியார் கற்றல் மையத்துக்குப் போகிறாள். மீதி நேரம் வீட்டுப் படிப்பு. இது நாலாவது வருசம். இதே யோசனையோடு வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த சென்டருங்க நல்லாருக்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: குழந்தையின் பேர் எந்தப் பதிவேட்டில் இருக்கப் போகிறது?

இதைக் கேட்காமல் இறங்குவதைத்தான் பெரிய தவறாக நினைக்கிறேன். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் "அரைநேர மாணவர்" என்று ஒரு வகை கிடையாது. ஆனாலும் சில இடங்களில், "பேரு எங்ககிட்ட இருக்கட்டுங்க, பரீட்சைக்கு வந்தாப் போதும்" என்பார்கள். கேட்க வசதியாக இருக்கும். சிபிஎஸ்இயில் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். வராத பிள்ளைகளைப் பட்டியலில் வைத்திருக்கும் பள்ளிகளில் திடீர் ஆய்வு நடத்தி, அங்கீகாரத்தையே பறித்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு நடுவில் அப்படி ஒன்று நடந்தால் அலைய வேண்டியது நாம்தான். அதைவிட, போகாத நாளுக்குப் போனதாகக் கையெழுத்து விழுவது பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பாடத்தை நாம் கற்றுக்கொடுக்கக் கூடாது.

இன்னொரு பக்கம், கற்றல் மையம் என்ற பெயரில் நடப்பவை. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது என்கிறது அதன் 18ஆம் பிரிவு. 6 முதல் 14 வயதுவரை பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. மீறினால் பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. மையம் கொடுக்கும் மதிப்பெண் பட்டியலை டி.சி. என்று நம்பிவிடாதீர்கள். சேரும் முன்பே, "நீங்க அங்கீகாரம் வாங்கின பள்ளிங்களா?" என்று நேராகக் கேளுங்கள். இல்லையென்றால் அதில் தப்பில்லை. டியூஷன் மாதிரி எடுத்துக்கொண்டு, தேர்வுக்கான வழியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இந்த மையங்களை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள்.

தேர்வுக்கு வழி இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் 1989இல் தொடங்கியது. 14 வயது நிறைந்தால் அதன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஒரு முறை பதிந்தால் ஐந்து வருசம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என வருசத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. மாநில அரசின் தேர்வுகள் இயக்ககமும் தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வுகளை நடத்துகிறது. எட்டாம் வகுப்புக்கு 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்கள் அறிவியல் செய்முறை வகுப்புக்குத் தனியாக, முன்கூட்டியே பதிய வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு வருசம் போச்சு.

அடுத்த தவறு எங்கள் வீட்டிலேயே நடந்தது. முதல் வருசம் நாங்கள் பங்கு போட்டது நேரத்தை மட்டும்தான்: காலை அவர்களுக்கு, மதியம் எனக்கு. பின்னத்தை அங்கே ஒரு முறையில் சொல்லித்தந்தார்கள், இங்கே நான் வேறு முறையில். பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நின்று முழித்தாள். தமிழ் எழுத்தை மையம் பார்த்துக்கொள்ளும் என்று நான் இருந்தேன். வீட்டில் தமிழ்தானே பேசுகிறார்கள், அம்மா பார்த்துக்கொள்வார் என்று அவர்கள் இருந்தார்கள். அப்பிச்சி (தாத்தா) தினத்தந்தியை நீட்டி, "படி கண்ணு" என்றபோதுதான் தெரிந்தது, ஒரு வருசமாக யாருமே தமிழ் சொல்லித்தரவில்லை என்று. அவள் எழுத்துக்கூட்டிக்கூட்டி நின்றதைப் பார்த்துப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு பாடவாரியாகப் பிரித்தோம். கணக்கும் அறிவியல் செய்முறையும் விளையாட்டும் மையத்துக்கு. தமிழ், ஆங்கில வாசிப்பு, சமூக அறிவியல் எனக்கு. மையம் நடத்தும் கணக்கில் நான் கை வைப்பதில்லை. சந்தேகம் வந்தால் நோட்டில் எழுதி அனுப்புவேன். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஒரு பேர்தான் இருக்க வேண்டும். "ரெண்டு பேருமே பார்த்துக்கலாம்" என்று எழுதிய பாடம் நிச்சயம் விட்டுப்போகும்.

வீட்டுப் பங்கை மேசையோடு முடித்துக்கொள்வதும் தவறுதான். இந்த ஏற்பாடு எடுத்ததே கையில் நேரம் இருக்கும் என்பதற்காக. சென்னிமலைப் பக்கம் கொடுமணலில், நொய்யல் கரையில், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. மணிக்கல் அறுத்துப் பட்டை தீட்டிய ஊர் அது. சங்ககால வணிகத்தை அந்த மண்ணில் நின்று சொன்னால் தனிச் சுவை. கோயம்புத்தூரில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. பறவைகள் சரணாலயமான வெள்ளோடு ஏரிக்கு டவுன் பஸ்ஸே போகும். கூட்டம் இல்லாத வேலை நாளில் போய்வருவது நமக்குக் கிடைக்கும் வசதி.

இங்கே அடிக்கடி காதில் விழும் ஒன்று: "ஜி.டி. நாயுடு என்ன பள்ளிக்கோடம் போயா மோட்டார் செஞ்சாரு?" பள்ளிப் படிப்பை அவர் பாதியில் விட்டது உண்மை. ஆனால் அவர் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக முன்னின்றவர்; 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கி, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இருப்பது அதுதான். அவர் பேரைச் சொல்லிப் பிள்ளையைப் பாடத்திட்டமே இல்லாமல் விடுவது அவருக்கும் நியாயம் இல்லை, பிள்ளைக்கும் நியாயம் இல்லை.

அரசுச் சலுகைகளையும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் கிடைத்த தனியார் பள்ளி இடத்தை விட்டு வெளியே வந்தால் அந்த இடமும் போகும். வீட்டில் படித்த பிள்ளைக்குத் தொடர்ச்சியான பள்ளிச் சான்று இருக்காது. அதனால் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழை முன்பே வாங்கி வையுங்கள்.

பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ கணவன் மனைவி இருவரும் போகிற வீடாக இருந்தால், மதியத்தில் யார் இருப்பார்கள் என்பதற்குப் பதில் கிடைக்கும்வரை தொடங்க வேண்டாம். ஆத்தா (பாட்டி) பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். பாடத்தையும் அவர் தலையில் வைக்க முடியாது.

கடைசியாக ஒன்று, திரும்பும் கதவு. போன வருசம் மகள், "வாரம் பூரா போறேம்மா, அங்க கபடி டீம் எடுக்கறாங்க" என்று ஒரு பள்ளியைக் காட்டினாள். பிறகு அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அன்றைக்கு எனக்குப் பதற்றம் இல்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிற கட்டாயக் கல்விச் சட்டத்தின் 4ஆம் பிரிவு 14 வயதுவரை துணைக்கு இருக்கிறது. பிறப்புச் சான்று, சாதிச் சான்று, பழைய டி.சி., வருசவாரியாக அவள் எழுதிய நோட்டுகள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன. அடுத்த ஜூனுக்கு முன், ஏப்ரலிலேயே, மறுபடி அவளிடம் கேட்பேன்.