மெயில் ஸ்பேமுக்குப் போகிறதா? எஸ்பிஎஃப் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்

கும்பகோணத்தில் புதிதாக வெப்சைட் வேலைக்கு இறங்கியிருக்கும் ஒரு தம்பி போன வாரம் வந்தான். திருவாரூர் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு டொமைன், மெயில் எல்லாம் அவன் பொறுப்பு. அனுப்பும் கொட்டேஷன் எல்லாம் ஸ்பேமில் விழுகிறதாம். "சப்ஜெக்ட்ல 'ஆஃபர்'னு போட்டதாலயாண்ணே?" என்றான். டொமைனின் டிஎன்எஸ்ஸை (மெயில், வெப்சைட் பற்றிய குறிப்புகளை எழுதி வைக்கும் இடம்) திறந்து பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நான் செய்த அதே தப்பு.

சப்ஜெக்டில் பத்து ஆச்சரியக்குறி போடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விடுங்கள். கண்ணில் படாத தப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு

இந்த டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பட்டியல்தான் எஸ்பிஎஃப். ஒரு டொமைனுக்கு அது ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் வாங்கும் சர்வர் எதை நம்புவது என்று பார்க்காது. 'பெர்ம்எர்ரர்' (நிரந்தரப் பிழை) என்று இரண்டையும் தள்ளிவிடும். ஒரே வாய்க்காலுக்கு ஆளுக்கொரு முறைப்பட்டியல் எழுதினால் யார் வயலுக்கும் தண்ணீர் பாயாதே, அந்தக் கதைதான்.

நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குப் பட்டறைக்கு நான் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினார்கள். 'இந்த டிஎக்ஸ்டி ரெக்கார்டைச் சேருங்கள்' என்று அதன் உதவிப் பக்கம் சொன்னது, சேர்த்தேன். டிஎன்எஸ்ஸில் எழுதும் ஓர் உரை வரிதான் டிஎக்ஸ்டி ரெக்கார்டு; நான் சேர்த்தது இன்னோர் எஸ்பிஎஃப். பழைய எஸ்பிஎஃப்பும் அங்கேயே இருந்தது. டிகேஐஎம், அதாவது மெயில் இந்த டொமைனுடையதுதான், வழியில் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தும் போட்டு வைக்கவில்லை. தாங்கிப் பிடிக்க வேறொன்றும் இல்லை. மூன்று வாரம் சப்ஜெக்டை மாற்றினேன், லோகோவை எடுத்தேன், கீழே இருந்த போன் நம்பரைக்கூட எடுத்தேன். சிங்கப்பூர் கடைக்காரர் ஒருவர் விலைக்குக் காத்திருந்துவிட்டு வேறு இடத்தில் வாங்கிவிட்டார். கார்த்திகைக்கான ஆர்டர் அது. "வெல அனுப்புனியா இல்லியா தம்பி?" என்று பட்டறைக்காரர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. 'சேருங்கள்' என்பதற்குப் பதில் 'இருப்பதோடு இணையுங்கள்' என்று எழுத அந்த உதவிப் பக்கத்துக்கு என்ன கேடு?

சரி, திருத்தும் வழி. இரண்டு வரியையும் ஒன்றாக்குங்கள். தொடக்கத்தில் ஒரு வெர்ஷன் குறிப்பு, நடுவில் எல்லா இன்க்ளூடும் (இந்தச் சேவையின் சர்வர்களும் அனுப்பலாம் என்று சேர்ப்பது), கடைசியில் ஒரே ஓர் 'ஆல்' (பட்டியலில் இல்லாத மற்ற சர்வரை எல்லாம் என்ன செய்வது என்று சொல்வது). இந்த வரியைப் படிக்க வாங்கும் சர்வர் செய்ய வேண்டிய மொத்த டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினாலும் அதே பெர்ம்எர்ரர்தான். ஓர் இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடும் கணக்கில் வரும். விட்டுவந்த ஹோஸ்டிங்கின் இன்க்ளூடை அழித்துவிடுங்கள். அப்புறம் ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (முதல் இரண்டில் ஒன்றிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று டொமைன்காரர் எழுதி வைக்கும் விதி) மூன்றுக்கும் 'பாஸ்' வர வேண்டும்.

தொடர்புப் படிவத்தில் வந்தவர் முகவரி

வெப்சைட் படிவத்தை நிரப்புபவரின் ஜிமெயில் முகவரியை 'ஃப்ரம்' இடத்தில் போடுகிறார்கள். உங்கள் சர்வர் ஜிமெயில் பெயரில் அனுப்பினால் அது ஆள்மாறாட்டம்தானே? 'ஃப்ரம்' உங்கள் டொமைனாக இருக்கட்டும், அவர் முகவரி 'ரிப்ளை-டு'வில் போகட்டும்.

விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியல்

வாங்காதீர்கள்.

முதல் நாளே டிமார்க் 'ரிஜெக்ட்'

'நன்' (ஒன்றும் செய்யாதே) என்று தொடங்கி, வாங்கும் சர்வர்கள் அனுப்பும் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு 'ரிஜெக்ட்' (ஏற்காதே) வரை இறுக்குங்கள்.

"நாம சின்ன ஆளு"

2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவர்களும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். இருபது மெயில் அனுப்பும் ஆலையும் இதில் அடக்கம்.

தம்பி அன்று ராத்திரியே ஒன்றாக்கிவிட்டேன் என்று போன் செய்தான். பார்த்தேன். இரண்டாவது வரியை அப்படியே முதல் வரியின் 'ஆல்'லுக்குப் பின்னால் ஒட்டியிருந்தான். 'ஆல்' வந்ததோடு சர்வர் படிப்பதை நிறுத்திவிடும் என்று சொல்லி, மறுபடி திறக்கச் சொன்னேன்.