2 ஜிபி ரேம் லேப்டாப்ல ஐஸ்டபிள்யூஎம், கூடவே ஒரு யூஎஸ்பில ஹைக்கூ

வீட்ல ஒரு பழைய லேப்டாப் கெடக்கு, 2 ஜிபி ரேம், ஆன் பண்ணா ஃபேன் மட்டும் மிக்ஸி மாதிரி சுத்துது, பிரவுசர் திறக்க டீ போட்டு குடிச்சிட்டு வரலாம். அத காயலான் கடைக்கு குடுக்கறதுக்கு முன்னாடி அதுல லேசான ஒரு விண்டோ மேனேஜர போட்டுப் பாருங்க. டெபியனும் (லினக்ஸ் ஓஎஸ்ல ஒண்ணு) அதுல க்னோம் டெஸ்க்டாப்பும் ஏற்கனவே இருக்குன்னு வெச்சுக்கறேன். (64 பிட் இல்லாத சிபியூன்னா டெபியன் 12லயே நில்லுங்க, 13ல அதுக்கு இன்ஸ்டாலரே கெடையாது.)

க்னோம் மாதிரி டெஸ்க்டாப்னா பேனல், செட்டிங்ஸ், பின்னாடி ஓடுற பத்து சர்வீஸ் எல்லாம் சேர்ந்த கூட்டுக்குடும்பம். விண்டோ மேனேஜர் தனிக்கட்டை, ஜன்னல தொறக்கும், நகத்தும், மூடும், அவ்ளோதான். ஐ3, டிடபிள்யூஎம்னு விண்டோ மேனேஜர் நெறைய இருக்கு, ஆனா டிடபிள்யூஎம்ல ஒரு கலர் மாத்தணும்னாலும் சி கோட திறந்து திரும்ப கம்பைல் பண்ணணும், மொத தடவைக்கு அது வேணாம். 1997ல இருந்து இருக்குற ஐஸ்டபிள்யூஎம் போதும், டாஸ்க்பாரும் மெனுவும் அதுலயே வந்துடும்.

க்னோம தூக்காதீங்க, பக்கத்துலயே இருக்கட்டும், ஏதாச்சும் சொதப்புனா திரும்பி போக வழி வேணும்ல. சினாப்டிக்ல (சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற புரோகிராம்) ஐஸ்டபிள்யூஎம், ஃபைல் ஃபோல்டர் பாக்க பிசிமேன்எஃப்எம், வைஃபை ஐகானுக்கு நெட்வொர்க் மேனேஜரோட ஆப்லெட், சவுண்டு கூட்டக் குறைக்க ஒரு ட்ரே ஐகான், இவ்ளோதான் போடணும். லாக் அவுட் பண்ணி லாகின் ஸ்க்ரீன்ல பேர க்ளிக் பண்ணா மூலைல ஒரு பல்சக்கரம் வரும், அதுல ஐஸ்டபிள்யூஎம்னு ஒண்ணு, ஐஸ்டபிள்யூஎம் செஷன்னு ஒண்ணு இருக்கும். ரெண்டாவதத்தான் எடுக்கணும், ஏன்னா நீங்க எழுதப் போற ஸ்டார்ட்அப் ஃபைல அதுதான் ஓட்டும்.

உள்ள போனா வைஃபை ஐகான் கூட இருக்காது, பயப்படாதீங்க. ஹோம் ஃபோல்டர்ல புள்ளி வெச்ச ஐஸ்டபிள்யூஎம் (.icewm) ஃபோல்டருக்குள்ள ஸ்டார்ட்அப்னு (startup) எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு ஃபைல உருவாக்குங்க, பேரு சின்ன எழுத்துல. மொத வரி வழக்கமான ஷெல் ஸ்க்ரிப்ட் வரி (#!/bin/sh), அப்புறம் ஒரு வரிக்கு ஒரு புரோகிராம், ஒவ்வொண்ணோட கடைசிலயும் ஆண்ட் குறி (&) கட்டாயம். அத விட்டா மொத புரோகிராம் முடியற வரைக்கும் அடுத்த வரி காத்துக்கிட்டே நிக்கும், ஆப்லெட் எங்க முடியப்போவுது? எனக்கு வைஃபை வந்துச்சு, சவுண்டு ஐகான் வரல, ஒரு சாயங்காலம் பூரா சவுண்டு கார்டத் திட்டிட்டு கடைசில பாத்தா ஒரு குறி விட்டுப்போயிருக்கு. ஃபைலுக்கு எக்ஸிக்யூட் பர்மிஷனும் குடுத்துடுங்க. ஷார்ட்கட் வேணும்னா அதே ஃபோல்டர்ல கீஸ் (keys) ஃபைல், தீம் மாத்த மெனுலயே செட்டிங்ஸ் இருக்கு.

ஒண்ணு சொல்லிடறேன், மிச்சமாகுற ரேம அப்படியே பிரவுசர்தான் முழுங்கும். டேப் பத்து திறந்தீங்கன்னா எந்த விண்டோ மேனேஜரும் காப்பாத்தாது.

இப்ப ஆசைக்கு ஹைக்கூ. கவிதை இல்லைங்க, ஓஎஸ். பிஓஎஸ்னு (BeOS) ஒரு ஓஎஸ் இருந்துச்சு, அந்த கம்பெனிய 2001ல பாம் (Palm) கம்பெனி வாங்கினதும் அதோட கதை முடிஞ்சுது, அத விட மனசில்லாத ஆளுங்க அதே வருஷம் மொதல்ல இருந்து எழுத ஆரம்பிச்சாங்க. மொத பீட்டா வந்தது 2018ல, அஞ்சாவது பீட்டா 2024ல, பொறுமைய பாருங்க! உள்ள இருக்குற மையம், அதாவது கெர்னல், லினக்ஸோடது இல்ல. 384 எம்பி ரேம்லயே ஓடும்.

ஹார்ட் டிஸ்க்ல போடாதீங்க, இன்னும் பீட்டாதான். ஐஎஸ்ஓவ (இன்ஸ்டால் இமேஜ் ஃபைல்) யூஎஸ்பில எழுதி பூட் பண்ணா போதும், எழுதறப்போ மட்டும் எது யூஎஸ்பி எது டிஸ்க்குனு சைஸ வெச்சு ரெண்டு தடவ பாத்துக்கோங்க. ஸ்க்ரீன் கருப்பாவே நின்னா பூட் ஆகறப்போ ஷிஃப்ட் கீய அமுக்கிப் புடிங்க, யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு பதிலா வந்தது) மெஷின்னா ஸ்பேஸ தட்டிக்கிட்டே இருங்க, வர்ற மெனுல ஃபெயில்சேஃப் கிராஃபிக்ஸ் இருக்கும்.

வந்ததும் ரெண்டு ஜன்னல திறந்து, விண்டோஸ் கீய புடிச்சுக்கிட்டே ஒண்ணோட மஞ்ச டேப இழுத்து இன்னொண்ணோட டேப் மேல விடுங்க, ரெண்டும் ஒட்டி ஒரே ஜன்னலாயிடும், ஃபைல் ஃபோல்டரும் டெர்மினலும் கூட ஒட்டும். காப்பி பண்றது இங்க கன்ட்ரோல் சி இல்ல, ஆல்ட் சி. கீமேப் செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம்தான். நான் மாத்தாம பழகிட்டேன், இப்ப லினக்ஸ்ல வந்து ஆல்ட் சி அமுக்கிட்டு ஏன் காப்பி ஆகலன்னு முழிச்சிட்டு இருக்கேன்.