செவ்ரோலே பிக் பிளாக்கில் ராட் நீளம்: கால் அங்குலத்தின் கணக்கு

செவ்ரோலே 454-ஐ, அதாவது 454 கன அங்குலக் கொள்ளளவுள்ள பிக் பிளாக் V8 எஞ்சினைப் பிரித்துப் போட்டதும் முதல் வேலையாக, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராட் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். ராட் கடைசியில் முடிவாக வேண்டிய சாமான். ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம்), பிளாக்கின் டெக் உயரம், கைக்குக் கிடைக்கிற பிஸ்டன், இந்த மூன்றும் தெரிந்தால் ராட் நீளம் தானாக வந்து நிற்கும்.

கணக்கு ரொம்பச் சுலபம். கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரைதான் டெக் உயரம். அதிலிருந்து ஸ்ட்ரோக்கில் பாதியையும் ராட் நீளத்தையும் கழித்தால் மிஞ்சுவதுதான், ராடைப் பிஸ்டனோடு கோக்கிற பின்னின் மையத்துக்கு மேலே பிஸ்டனுக்கு இருக்கிற இடம். 454-இல் டெக் 9.800 அங்குலம், ஸ்ட்ரோக் 4.000, கம்பெனி ராட் 6.135, ஆக மிச்சம் 1.665. பிஸ்டன் பிளாக்கின் மேல்முகத்துக்கு 0.020 கீழே நிற்க வேண்டும் என்றால், பின் மையத்திலிருந்து 1.645 உயரமுள்ள பிஸ்டன். டெக் உயரத்தை மட்டும் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளாதீர்கள், பழைய பிளாக்கை யாராவது ஏற்கெனவே சீவியிருக்கலாம், அளந்தே ஆக வேண்டும்.

இப்போது 454-ஐப் பெரிதாக்கிப் பலரும் கட்டுகிற 496 கன அங்குல எஞ்சினுக்கு வருவோம். போரை (சிலிண்டரின் விட்டத்தை) 0.060 பெரிதாக்கி 4.310, கிராங்க் 4.250 ஸ்ட்ரோக். இங்கேதான் 6.135-ஆ 6.385-ஆ என்ற சண்டை. கால் அங்குலம்தான் வித்தியாசம். நீள ராட் போட்டால் பிஸ்டன் மேலே அதிக நேரம் நிற்கும், சக்தி கொட்டும் என்றெல்லாம் சொல்வார்கள். போட்டுப் பார்த்தால் ராட் சாயும் அதிகபட்சக் கோணம் 20.3 டிகிரியிலிருந்து 19.4-க்குக் குறைகிறது, பிஸ்டன் உச்சியில் வாங்கும் இழுவிசை சுமார் ஒரு சதவீதம் குறைகிறது, அவ்வளவுதான். இதற்காக மட்டும் யாரும் காசு செலவழிக்க வேண்டாம்.

ஆனாலும் 496-க்கு நான் 6.385-தான் போடச் சொல்வேன், காரணம் வேறு. ஸ்ட்ரோக் கூடினால் பிஸ்டன் அடியில் இன்னும் கீழே இறங்கி, அதன் ஸ்கர்ட் (கீழ்ப்பகுதி) கிராங்க்கின் கவுன்டர்வெயிட்டை (எதிர் எடையை) நெருங்கும். நீள ராட் அதைக் கால் அங்குலம் மேலேயே நிறுத்திவிடுகிறது. அதோடு பிஸ்டன் 1.520-க்குப் பதில் 1.270 ஆகக் குள்ளமாகி எடையும் குறைவதால், 454 மாதிரி வெளியே, கிராங்க்கின் இரு முனைகளிலும் உள்ள டேம்பரிலும் ஃப்ளைவீலிலும் எடை வைக்காமல் கிராங்க்கிலேயே பேலன்ஸ் பண்ணுவது எளிதாகிறது.

சரி, அப்படியென்றால் இன்னும் நீளமாக 6.535? அது 10.200 உயரமுள்ள டால் டெக் பிளாக்குக்குப் போடுகிற ராட். 9.800-இல் போட்டால் பிஸ்டனுக்கு 1.140-தான் மிஞ்சும். பின்னின் விட்டம் 0.990, ஆக அதன் மேல்விளிம்பு பிஸ்டன் தலையிலிருந்து வெறும் 0.645-இல் வந்துவிடும், அந்த உயரத்துக்குள் பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற மூன்று ரிங்கும் அடங்காது. பின் துளை ஆயில் ரிங் பள்ளத்தைத் தின்றுவிடும். அப்புறம் ரிங்குக்கு அடியில் அதைத் தாங்க தனியாக ஒரு சப்போர்ட் ரெயில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இந்தத் தொல்லை எதற்கு? ஸ்ட்ரோக் 4.000-ஆகவே இருந்து, நல்ல 6.135 ராடும் கையில் இருந்தால், அதையே சோதித்துப் போல்ட் மாற்றிப் போடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

எதை வாங்கினாலும் பேலன்ஸுக்கு அனுப்புமுன் பிளாக்கில் ஒருமுறை ஒப்புக்கு மாட்டி, கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ராட் போல்ட்டின் தலை, வால்வுகளை இயக்குகிற கேம் ஷாஃப்ட்டின் மேடான லோபுக்குப் பக்கத்திலும், பிளாக்கின் அடியில் ஆயில் பேன் உட்காரும் விளிம்புக்குப் பக்கத்திலும் போகிற இடம்தான் முக்கியம். 0.060 இடைவெளி வேண்டும், இல்லையென்றால் விளிம்பில் கொஞ்சம் கிரைண்ட் பண்ண வேண்டியிருக்கும். ஒரு சிலிண்டரில் சரியாக இருக்கிறதே என்று விடாதீர்கள், எட்டையும் பாருங்கள்.